பதினேழு பேக்கேஜ் பாக்கி

குடவாசலிலிருந்து தஞ்சாவூருக்கு நேர் பஸ் குறைவு, சிஸ்டர். கும்பகோணத்தில் இறங்கி மாற வேண்டும். அதனால் அப்போதெல்லாம் ஜெனிட்டா ஆபீசுக்கு வந்து சேர ஒன்பதே முக்கால் ஆகிவிடும். நான் ஏழரைக்கே வந்துவிடுவேன். அந்த இரண்டேகால் மணி நேரத்தில் சர்வரில் நான் என்ன செய்தேன் என்பதுதான் உங்கள் கேள்வி. சொல்லிவிடுகிறேன். மறைக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சங்கத்துக்குச் செயலாளராக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நம்முடைய அறுபத்திரண்டு பள்ளிக்கூடங்களிலும் ஒன்பது மருந்தகங்களிலும் கணினிகளில் ஓடுகிற ‘பொன்னி’ லினக்ஸ் இயங்குதளம் நான் தொடங்கியது. வெளியீடுகளுக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று பெயர் வைத்ததும் நான்தான். ஆட்களையும் நானே பழக்கினேன். பழக்கிய பதினொரு பேரும் போய்விட்டார்கள். பெங்களூர், சிங்கப்பூர், நியூஜெர்சி. நாற்றங்காலிலேயே பயிர் விளையாது, பறித்துக்கொண்டுபோய் வேறு வயலில்தான் நடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தொண்ணூற்றெட்டில் எனக்கே அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அப்பா படுக்கையில் இருந்தார். போகவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

ஜெனிட்டா பன்னிரண்டாவது ஆள். மற்றவர்கள் பிழை வந்தால் இணையத்தில் தேடுவார்கள். அவள் பிழையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒருவர் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

பொன்னியில் பாதி நிரல்கள் பைத்தான் மொழியின் பழைய இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டவை. 2020 பிறந்தால் அந்தப் பதிப்புக்கு ஆதரவு கிடையாது, ஓட்டை விழுந்தாலும் அடைத்துத் தர ஆள் இருக்காது என்று அந்த மொழியை நடத்துகிறவர்கள் முன்பே அறிவித்திருந்தார்கள். எல்லாவற்றையும் மூன்றாம் பதிப்புக்கு மாற்றியாக வேண்டும். முன்னூற்று நாற்பது பேக்கேஜ்கள், அதாவது நிரல் தொகுப்புகள். ஒன்றை மாற்றி ஒன்றை விட முடியாது. அடியில் இருக்கிற ஒன்று பழையதாக நின்றுவிட்டால் மேலே நாற்பது விழும்.

2018இல் அவள் கணவன் ஜோஸ்வா இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனான். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கும் விசா வந்தது. என்னிடம் வந்து, “பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன் சார். மாத்தி முடிச்சிட்டுத்தான் கெளம்புவேன். ஆறு மாசம் போதும்,” என்றாள். நான் கேட்காமலே அவள் கொடுத்த வாக்கு அது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் என்று அவள் சொன்னது சரியான கணக்குதான். ஐந்தாவது மாத முடிவில் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் ‘பாக்கி 21’ என்று எழுதியிருந்தாள். மறுநாள் காலை அடியில் இருந்த ஒரு பேக்கேஜில் ஒரு வரியை மாற்றினேன். ஒரே வரி. அவள் வரும்போது திரையில் நாற்பத்து நான்கு பேக்கேஜ்கள் ஓடாமல் சிவப்பாகக் கிடந்தன. கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“நேத்து சாயங்காலம் எல்லாம் பச்சையா இருந்துச்சே சார்.”

“சாஃப்ட்வேர்னா அப்படித்தாம்மா. உக்காரு, டீ வரட்டும்,” என்றேன்.

யார் மாற்றினார்கள் என்று அவள் தேடிப் பார்ப்பாள் என்பது தெரியும். ஆகவே துரைராசு என்று இல்லாத ஒருவரை உண்டாக்கி, மாற்றங்கள் அவர் பெயரில் பதிவாகும்படி செய்திருந்தேன். மலேசியாவில் குடியேறிய மன்னார்குடிக்காரர், ஓய்வு நேரத்தில் பொன்னிக்கு உதவுகிற தன்னார்வலர். ஆண்டு விழாவில் பாராட்ட நீங்கள் முகவரி கேட்டீர்களே, அதே துரைராசு. நல்ல எண்ணத்தோடு தப்பாகத் திருத்துகிறவர். ஜெனிட்டா அவருக்கு மரியாதையாக எழுதித் தவறைச் சுட்டிக்காட்டுவாள். அவர் மன்னிப்புக் கேட்டுப் பதில் போடுவார். ஊர்ச் செய்தி விசாரிப்பார். அவளும் வீட்டு விஷயங்களை அவரிடம் எழுதத் தொடங்கினாள். எனக்குச் சொல்லாதவற்றைக்கூட.

இப்படிக் கெடுத்தது மொத்தம் இருபத்து மூன்று தடவை. மாணவர்களுக்கோ நோயாளிகளுக்கோ எந்தச் சேதமும் வராமல் பார்த்துக்கொண்டேன். அந்த விஷயத்தில் நான் கவனமானவன்.

ஜோஸ்வா ஒருமுறை எனக்கு போன் செய்தான். “சார், அவள எப்ப விடுவீங்க? ரெண்டு தடவ வீடு பாத்து ரெண்டு தடவயும் விட்டுட்டேன்,” என்றான்.

“நானா தம்பி புடிச்சு வெச்சிருக்கேன்? கதவு தொறந்துதான கெடக்கு,” என்றேன்.

அது பொய் இல்லை. நான் ஒருநாளும் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பாள்.

2020 பிப்ரவரி பதினான்காம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாள். பத்தாம் தேதி மருந்தகங்களின் மருந்துப் பட்டியல் புதிய பதிப்பில் திறக்கவில்லை. பழைய பதிப்பில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாருக்கும் மருந்து தவறவில்லை. ஆனால் அவளால் அப்படியே விட்டுப்போக முடியவில்லை. தானாகவே பயணத்தை மார்ச் இருபத்தைந்துக்குத் தள்ளிப்போட்டாள். மார்ச் இருபத்திரண்டோடு வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டார்கள். தொற்று வருமென்று நான் எப்படி அறிவேன்? அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஏப்ரலில் ஜோஸ்வா தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தான். பதினோரு நாள். அவன் கூட யாரும் இல்லை.

அடக்கத்தை இணையத்தில் காட்டுவதாகச் சொன்னார்கள். அவள் வீட்டில் சிக்னல் நிற்காது. மருந்தகப் பணிக்கான ஊரடங்கு பாஸ் என்னிடம் இருந்தது. ஆபீஸ் லேப்டாப்பையும் டோங்கிளையும் எடுத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் குடவாசல் போனேன். வழியில் நான்கு இடத்தில் போலீஸ் நிறுத்தியது. வீட்டுக்குள் சரியாக வராததால் வாசலில் நின்று லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடம். பெட்டியை இறக்கும்போது படம் உறைந்துவிட்டது. ஜெனிட்டா திரையைக் கையால் துடைத்தாள், அழுக்குப் படிந்திருப்பதுபோல. அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா எம் மவ இதக்கூடப் பாத்திருக்க மாட்டா சார். நல்லா இருப்பீங்க,” என்றார்கள்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் ஜெனிட்டாவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒன்றும் இல்லை. “சார், இன்னும் எத்தன பேக்கேஜ் பாக்கி?”

உண்மையில் அன்று பாக்கி எதுவும் இல்லை. மருந்துப் பட்டியலை அவள் மார்ச்சிலேயே சரிசெய்துவிட்டாள். மேம்படுத்தல் முழுதாக முடிந்திருந்தது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் இரும்மா, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, இருபது நிமிடத்தில் திரும்ப அழைத்தேன்.

“பதினேழு இருக்கும்மா.”

“சரி சார். செஞ்சு குடுத்துடறேன்,” என்றாள். துக்கத்தில் இருக்கிற மனிதருக்கு வேலைதான் மருந்து.

அன்று சாயங்காலம் துரைராசு அவளுக்கு இரங்கல் கடிதம் எழுதினார். அதை எழுத எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னாலும் தன் மனதைப் புரிந்து எழுதியவர் அவர் ஒருவர்தான் என்று பிறகு அவள் என்னிடமே சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இது நடந்து மூன்று வருடமாகிறது. மூன்றாம் பதிப்புக்குள்ளும் வருடம் ஒரு புதியது வந்துகொண்டே இருப்பதால் மேம்படுத்தல் முடிவதில்லை. அதனால் பெரும்பாலும் நான் எதையும் கெடுக்கவே தேவையில்லாமல் போய்விட்டது. இப்போதெல்லாம் அவள் ஒன்பதரைக்கே வந்துவிடுகிறாள். வெளிநாட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆம், எல்லாம் நான்தான் செய்தேன். இருபத்து மூன்று தடவையும், அந்தப் பதினேழும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வேலையை விட்டு அனுப்பினாலும், போலீசில் சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவளிடம் சொல்லிவிடுவது என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, அம்மாவும் போன வருடம் போய்விட்டார்கள். இந்த உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியிருப்பவர்கள் நானும் துரைராசுவும் மட்டும்தான். இருக்கிற இரண்டு பேரையும் ஒரே நாளில் அவளிடமிருந்து பறிப்பதற்கு உங்களுக்கு எப்படி மனம் வரும், சிஸ்டர்?