வள்ளியாத்தாள் காட்டுக்கு ஜிப்சம் எழுத மறுத்தவருக்கு

மண்ணின் மனம் அறிந்த மாண்பே! முப்பத்தோராண்டுகள் எங்கள் மண் பரிசோதனை நிலையத்தைத் தாங்கிய திண்மையே! மேலதிகாரியின் முகம் பார்த்து முடிவெழுதாத முதுநிலை ஆய்வாளர் சாரதாமணி அம்மையீர், வணக்கம்! தங்கள் பணி நிறைவு நாளில் வாழ்த்தத்தான் எழுந்தோம், எங்கள் குற்றம் ஒன்றும் சொல்ல இருக்கிறது. அதையும் சேர்த்தே வாசிக்கிறோம்.

பொறுமையின் உருவம் என்று தங்களைப் புகழ மாட்டோம். எடையில் பிழை கண்டால் தராசையே பிடுங்கும் தங்கள் சினத்துக்கு நடுங்காதவர் இங்கில்லை.

இரண்டாயிரத்து ஆறில், முதலிபாளையம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், கதிரியக்கச் சீசியம் அடைத்த கருவியை என்னவென்று அறியாமல் உடைத்தார்கள். மழை அந்தப் பொடியை, எருமை வளர்க்கும் வள்ளியாத்தாளின் மேய்ச்சல் காட்டுக்கு இழுத்து வந்தது. அகற்ற வந்த அணுசக்தித் துறையினர் கருவியை எடுத்துக்கொண்டு, காட்டை எங்களிடம் விட்டுப் போனார்கள். நாங்கள் கிழித்தது என்ன? சாயத் தண்ணீர் பாய்ந்த நிலத்துக்கெல்லாம் எழுதிப் பழகிய கை, இதற்கும் ஜிப்சம் என்றே எழுதியது. உப்பேறிய மண்ணுக்கு அது மருந்து. சீசியத்துக்கு வெறும் வெள்ளைப் பொடி! ஒன்பது பேர் கையெழுத்திட்டோம். வெட்கம்!

தாங்கள் ஒருவரே மறுத்தீர்கள். காட்டின் ஒரு மூலையில் சியோலைட் கனிமப் பொடியும் பொட்டாஷும் கலந்து, மற்ற இடத்தை ஜிப்சத்தோடு விட்டு, இரண்டிடத்துப் புல்லையும் சோதனைக்கு அனுப்பினீர்கள். சியோலைட் சீசியத்தை மண்ணிலேயே பிடித்துவைத்தது. அந்த மூலைப் புல்லில் ஏறியது ஐந்தில் ஒரு பங்கே. ஜிப்சம் போட்ட இடத்தில் குறையவேயில்லை. அவ்வறிக்கையை, "ஊரைக் கிளப்பி விடாதீர்கள்" என்று சொல்லி மேலதிகாரி தம் மேசைக்குள் பூட்டினார். மூன்று ஆண்டுகள்!

திங்கள்தோறும் வள்ளியாத்தாள் நம் வாசலில் நின்றார். "ஏனுங்க சாமி, எருமைய எப்பத்தானுங்க காட்டுல உடறது? கட்டுன எடத்துலயே எளச்சுப் போச்சுங்க." நாங்கள் கோப்பு மேலே இருக்கிறது என்று சொல்லி உள்ளே நழுவினோம். தாங்கள் மட்டுமே வெளியே வந்தீர்கள். "இப்ப உடாதீங்க ஆத்தா. தப்பு எங்க பேர்லதானுங்க."

அம்மையீர்! நேற்று அந்த மேசையைத் திறந்தோம். தங்கள் அறிக்கையின் கீழ், நாங்கள் எழுதியது பிழை, காடு முழுவதற்கும் சியோலைட் வேண்டும் என்று ஒன்பது பேரும் கையெழுத்திட்டு, ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். மேடையில் தங்கள் அருகே மாலையோடு அமர்ந்திருக்கும் மேலதிகாரிக்கும் இச்செய்தி இப்போதுதான் தெரியும்.

நலமும் வளமும் சூழ, நூறாண்டு கடந்தும் அதே சினத்தோடு வாழ்க! நாளை எங்களுக்கு விசாரணை வரும். அஞ்சவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தங்களோடு நின்றிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

இங்ஙனம்,
நிலைய ஊழியர் ஒன்பதின்மர்
திருப்பூர், 30.6.2009