பச்சைக் கோட்டைத் தொடாத முள்

– சிரிக்காதீங்க தொக்தோசுன் அண்ணே. கீழ ஓஷ் டவுன்ல இருந்த ரெண்டு நாளும் வண்டி கேஜ் முள்ளு பச்சைக் கோட்டுலதான் நின்னுச்சு. கணவாய் ஏறி நம்ம மலையூரு சாரி-தாஷுக்கு வந்தேன், பழையபடி படுத்துக்கிச்சு.

– மாமியாரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா, முள்ளு பாக்கப் போனியா குல்பர்ச்சின்?

– செத்த எஞ்சின், பாதி வழியில நிக்கும்னு ஊரே பயமுறுத்துச்சு. போயிட்டு வந்துட்டேன்ல!

– கேஜ் பழசு. குலுக்கல்ல ஏதாவது ஆயிருக்கும். விடேன்.

– விட மாட்டேன். மெக்கானிக்தானே நீங்க, பாத்துச் சொல்லுங்க.

– சரி, வண்டி ஓடட்டும். ம்... சத்தம் சீரா இருக்கு. முள்ளும் ஆடல.

– ஆடாம என்ன, பச்சைக்கு இவ்வளவு கீழ நிக்குதே. இதப் பாத்துத்தானே எங்க வீட்டுக்காரர் எஞ்சின் போச்சுன்னார்.

– உன் புருஷன் மெதெர்பெக் அவசரக்காரன். இங்க பாரு. எஞ்சின் காத்த உறிஞ்சுது. அதனால காத்து போற குழாய்க்குள்ள அழுத்தம் கொறையுது. வெளிக்காத்த விட உள்ள எவ்வளவு கொறைச்சல், அதத்தான் இந்த வேக்குவம் கேஜ் சொல்லுது. வேற ஒண்ணுமில்ல.

– முள்ளு இறங்கினா, உறிஞ்சத் தெம்பில்லன்னுதானே அர்த்தம்?

– கீழ ஊர்ல அப்படிச் சொல்லலாம். இங்க வெளியிலயே காத்து கம்மி. ஓஷ்லேருந்து வர்றவன் ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கறான், பாத்ததில்ல? வெளிய கம்மின்னா வித்தியாசமும் கம்மியாத்தான் காட்டும். அந்தப் பச்சைக் கோடு சமவெளிக்காரன் தன் ஊருக்குப் போட்டது.

– அப்ப எஞ்சின்?

– கல்லு மாதிரி இருக்கு.

– அண்ணே... புது எஞ்சின் வாங்கத்தானே அவர் ரஷ்யாவுக்குப் போனார்!

– டீ ஆறுது. குடி.

– மூணு வருஷம்ணே. எப்பக் கேட்டாலும், எஞ்சினுக்குப் பணம் சேர்ந்ததும் வந்துடறேங்கறார். கிளம்புறப்ப நம்ம வழக்கப்படி அவர் ஒரு வாய் கடிச்சு வச்ச ரொட்டி இன்னும் செவுத்துல தொங்குது. வந்து மீதியத் தின்னணும்ல? தூசி தட்டித் தட்டி வைக்கிறேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன், வீட்டுல நான் பேசறதே அதுகிட்டதான்.

– சர்க்கரை போட்டியா?

– சர்க்கரை கெடக்கட்டும். போன் போடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டார், நீங்க சொன்னா நம்புவார். எஞ்சின் நல்லாருக்கு, சம்பாதிச்சது போதும், கிளம்பி வாடான்னு சொல்லுங்க.

– மொதல்ல வண்டிய அணை, தங்கச்சி.

– ஏன் தலையக் குனிஞ்சுக்கறீங்க? போடுங்கண்ணே!

– எஞ்சின் நல்லாருக்குன்னு போன குளிர்காலமே அவன்கிட்ட சொல்லிட்டேம்மா. குல்பர்ச்சினுக்குத் தெரிய வேண்டாம்னான்.