இணையத்தில் விற்காத முதுகு

"நெட்டுல என் முதுகைப் போட்டு ரெண்டு மாசமாச்சு, ஒருத்தரும் வாங்கலையே!"

ஷேர் டெம்போவில் என் எதிரே இருந்த பெண், ஓவியரான தன் கணவரிடம் கேட்டார். அந்தப் பெண்ணின் மடியில் அந்த ஓவியத்தின் அச்சுப் பிரதி இருந்தது: கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு.

"வெறும் 'ஓவியம் நாலு'ன்னு பேர் வெச்சா யாருங்க தேடுவாங்க? எங்க நிக்கிறா, என்ன பண்றான்னு எழுதுங்க" என்றார் மனைவியே.

"வைத்திக்குப்பத்துல மீன் வாங்க வந்த பொம்பளைன்னு போடவா?"

"அவ்ளோதானா?"

கணவர் படத்தையே பார்த்தார்.

"மீன் வாங்க வந்துட்டு, கடலைப் பார்த்ததும் எல்லாத்தையும் மறந்து நின்னுட்ட என் பொண்டாட்டின்னு எழுதுறேன்."

அந்தப் பெண் படத்தின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"அப்படின்னா விலையைக் கொஞ்சம் ஏத்திப் போடுங்க."