மஞ்சக் குண்டூசி

கதவ நான்தான் தம்பி பூட்டினேன். பயப்படாத. உன்னப் பாத்து பயப்படாதன்னு நான் சொல்றேன் பாரு, இந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்ல. உக்காரு எஃப்ராயின். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். துணி காயவைக்கற டிரையர் பக்கத்துல உக்காரு, கதகதப்பா இருக்கும். காபி ஊத்தவா? கொய்யா ஜாம் வச்ச பஃப் இருக்கு, காலையில வாங்கினது. வேணாமா? சரி விடு. எனக்கும் வேணாம்.

இல்லப்பா, உன்கிட்ட வேலை பாக்கற பசங்க மேல புகார் சொல்லக் கூப்பிடல. என் கடை வாசல்ல நின்னா நின்னுட்டுப் போகட்டும், வாஷிங் மெஷின் மேல ஏறி உக்காராம இருந்தா போதும். இது வேற விஷயம். சொல்லிடறேன். சொல்லாம உன்ன அனுப்ப மாட்டேன். எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. செருப்புக்கடை வில்ஃப்ரெடோவ ஞாபகம் இருக்குல்ல? போலீஸ்கிட்ட என்னமோ பேசிட்டான்னு ஊர்ல பேச்சு. அடுத்த வாரமே கடை எரிஞ்சு போச்சு. ஐயோ, நீ செஞ்சன்னு நான் சொல்லல. யார் செஞ்சாங்கன்னு கேக்கவும் இல்ல. அந்த ரப்பர் கருகின நாத்தம் இன்னும் என் மூக்க விட்டுப் போகல, அவ்ளோதான்.

செவ்வாய்க்கிழமையானா நான் ஒரு வகுப்புக்குப் போவேனே, உனக்குத் தெரியும்ல. நகராட்சிக் கட்டடத்துல. பாதிக் கடை மூடிக் கிடக்கற தெருவுக்கெல்லாம் மறுபடி உசிர் குடுக்கறதுக்கு ஆளுங்கள தயார் பண்றாங்க. தலைமைப் பயிற்சியாம். சிரி, சிரி. நானும்தான் சிரிச்சேன். ஊரு அழுக்குத் துணி தொவைக்கறவளுக்கு என்னடி தலைமைன்னு. ஆனா ஆசையா இருந்துச்சுப்பா. மருந்துக்கடை திரும்ப வரணும். எதிர்க்கடை பலகை அடிச்சு மூடிக் கிடக்கே, அதுல யாராச்சும் ஒரு விளக்கு போடணும். சாயங்காலம் ஆறு மணிக்கு பொம்பளைங்க பயமில்லாம துணி எடுத்துட்டு வரணும். வேறென்ன கேட்டேன்?

எங்க வாத்தியாரம்மா ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்க. தெருவுல யாரப் பாத்தா உனக்குப் பயமோ, அந்த ஆளத் தனியா உக்கார வச்சுப் பேசு. நீ கொஞ்சமா பேசு, அவர நெறைய பேச விடு. பாரு, நான் பண்ற லட்சணத்த. நீ இன்னும் வாயத் தொறக்கல. எனக்கு மார்க்கு சைபர்தான்.

சொல்றேன், சொல்றேன். சுத்தி வளைக்கல. ஒருநாள் ஆளுக்கொரு பெரிய தாள் குடுத்து அவங்கவங்க தெருவ வரையச் சொன்னாங்க. தெருவ உண்மையில நடத்தறவங்க யாரோ, அவங்க பேர நடுவுல எழுதணும். பதவியில இருக்கறவங்க பேரு கூடாது, நெஜமா நடத்தறவங்க. எல்லாரும் பாதிரியார், கவுன்சிலர், கடைக்காரங்க சங்கத் தலைவர்னு எழுதினாங்க. நான் பேனாவ வச்சுக்கிட்டு யோசிச்சேன். பனி கொட்டினா நடைபாதைய வழிச்சுத் தள்ள ஆள் அனுப்பறது யாரு? முடிவெட்டற கடைக்காரரும் பழக்கடைக்காரரும் குப்பைத்தொட்டிக்கு அடிச்சுக்கிட்டப்ப தீர்த்து வச்சது யாரு? பள்ளிக்கூட நேரத்துல பிள்ளைங்க சுத்தினா காதத் திருகி அனுப்பறது யாரு? என் கடைக் கண்ணாடி இன்னிக்கு வரைக்கும் முழுசா இருக்குன்னா யாரால? எழுதிட்டேன். உன் பேர. கொட்ட எழுத்துல.

ஆமா. முழுப் பேரு.

இரு, இரு, எந்திரிக்காத. நான் காட்டிக்குடுக்கல. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க தெரியுமா? இதுதாம்மா நேர்மையான படம்னு வாத்தியாரம்மா சொவத்துல ஒட்டினாங்க. எனக்குத் தலைகால் புரியல. அதோட விட்டேனா? குண்டூசி குத்தணும். மூடின கடைக்குச் செவப்பு, கூட்டம் சேர்ற எடத்துக்கு நீலம். தெருவ நடத்தறவரு தெனம் தவறாம போற எடத்துக்கு மஞ்சள். நான் மஞ்சள எடுத்து உங்கம்மா வீட்டு மேல குத்தினேன். மத்தியானம் அங்கதான சாப்பிடப் போற. அம்மா கைச்சோறுதான் சாப்பிடுவான், அப்படிப்பட்ட பிள்ளைன்னு எல்லாருக்கும் சொன்னேன். உனக்கு நல்ல பேரு வாங்கித் தர்றேன்னு நெனப்பு எனக்கு.

யாருக்குச் சொன்னேனா? அங்கதான் வர்றேன். என் பக்கத்துல லோர்னான்னு ஒருத்தவங்க உக்காருவாங்க. அந்த வகுப்புல ஒரு சட்டம், யாரும் என்ன வேலை, என்ன பதவின்னு சொல்லக் கூடாது. சட்டையில வெறும் பேரு மட்டும் ஒட்டிக்கணும். அப்பதான் எல்லாரும் சமமாம். என் அரிசியும் பீன்ஸும் அவங்க சாப்பிடுவாங்க, அவங்க ரொட்டிய நான் சாப்பிடுவேன். என் முட்டி வலிக்குத் தைலம்கூட வாங்கிட்டு வந்தாங்க. தங்கமான பொம்பளன்னு நெனச்சேன். உன்னப் பத்திக் கேப்பாங்க. என்ன கலர் கார்? அம்மா வீட்டுக்குப் போறப்ப கையில பை இருக்குமா? தெரு மேல இவ்ளோ அக்கறையான்னு எனக்குப் பூரிப்பு. ஆமாங்க, கறுப்புப் பைன்னேன். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா. சொல்லாத. தெரியவே வேணாம் எனக்கு.

நேத்து சான்றிதழ் குடுத்தாங்க. புதுக் கவுன் போட்டுக்கிட்டு போனேன். லோர்னா யூனிஃபார்ம்ல வந்து நிக்கறாங்க. இடுப்புல துப்பாக்கி. நம்ம பேட்டைக்கு வந்திருக்கற புது போலீஸ் கேப்டனே அவங்கதான். அவங்க சிரிச்சுக்கிட்டே வந்து கட்டிப்பிடிச்சு, காதோரமா சொல்றாங்க, நெரெய்தா, உன் படம் எங்களுக்குப் பெரிய உதவி, நாளன்னிக்கு விடியக்காலம் மட்டும் தெருப்பக்கம் வந்துடாத, அப்புறம் பாரு உன் தெருவன்னு. அவங்க சொன்ன நாளன்னிக்கு, நாளைக்குத்தான்.

உன் தொழில் எனக்குப் பிடிச்சதுன்னு மட்டும் நெனச்சுக்காத. உன் பசங்க விக்கற போதைய ஏத்திக்கிட்டு அந்தத் தெருமூலையில எத்தன பிள்ளைங்க சுருண்டு கெடந்து பாத்திருக்கேன். உன்ன வாய்விட்டுச் சபிச்சிருக்கேன். உன் வீட்டுக் கதவ போலீஸ் ஒடைச்சா நான் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கியிருப்பேன், சத்தியமா. ஆனா அந்தக் கறுப்புப் பையத் தேடி அவங்க போகப் போறது மஞ்சக் குண்டூசி இருக்கற வீட்டுக்கு. உங்கம்மாவும் நானும் போர்ட்டோ ரீக்கோல இருந்து ஒரே விமானத்துல இந்தக் குளிர் ஊருக்கு வந்தவங்கடா. ஓட்டிலியா அக்காவுக்கு இப்ப காது சரியா கேக்கறதே இல்ல. கையத் தூக்குன்னு கத்தினா என்ன தெரியும் அவங்களுக்கு? திடுக்குன்னு முழிச்சு, தலகாணிக்கு அடியில கைய விட்டுக் கண்ணாடியத் தேடுவாங்க. துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கறவன் அந்தக் கையப் பாத்து என்ன நெனப்பான்? நேத்துல இருந்து எனக்கு அது ஒண்ணுதான் கண்ணு முன்னாடி நிக்குது.

உன்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா போலீஸ் என்னைய உள்ள வச்சிடும். நீ என்ன பண்ணுவியோ, அத நெனச்சா இன்னும் பயமா இருக்கு. ஜேபியில இருந்து கைய வெளிய எடுப்பா. கைய எடுத்துட்டு அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு.

எங்க ஓடற? அம்மா வீட்டுக்கா? அங்க போகாத, அங்க யாரும் இல்ல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். துணிமூட்டை எடுக்க வர்ற மாதிரி காலையில வேன எடுத்துட்டுப் போய், ஓட்டிலியா அக்காவக் கூட்டிட்டுப் போய் என் தங்கச்சி வீட்டுல விட்டுட்டேன். மாத்திரை, கண்ணாடி, ஜெபமாலை எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் புரியல, பாவம். வழியெல்லாம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு வந்தாங்க. என் பிள்ளை ஏதாச்சும் பண்ணிட்டானா நெரெய்தான்னு கேட்டாங்க. இல்லக்கா, நான்தான் பண்ணிட்டேன்னேன். காதுல விழல. என்னம்மா சொன்ன, சத்தமா சொல்லுன்னாங்க. நான் ரோட்டப் பாத்து வேன ஓட்டினேன்.