கடலை இல்லை

அந்தக் கடையின் சூப்பை நான் குறை சொல்ல மாட்டேன், சார். மேசை நடுவில் அடுப்பு, அதன்மேல் கொதிக்கிற சட்டி. காளானையும் கீரையையும் நாமே போட்டு வேகவைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டில் இப்படி ஒரு கடை வந்திருப்பதைச் செல்போனில் பார்த்துவிட்டு, போகலாம் என்று கேட்டவள் கௌசிகா. என் கொழுந்தன் நவீன்குமாரின் மனைவி, தாராபுரத்துப் பெண்.

அத்தை, அதாவது எங்கள் மாமியார், வருவார் என்று நான் நினைக்கவில்லை. நான் எத்தனையோ தடவை ஓட்டலுக்குக் கூப்பிட்டும் அசையாதவர். "ஒரே சட்டீல எல்லாருங் கரண்டிய உடறதா? எச்சியில்லியா அது?" என்று முகம் சுளித்தார்.

"நீங்க வல்லீன்னா நானும் போகலீங்கத்தை" என்றாள் கௌசிகா.

"செரி கண்ணு, வாரேன்."

என்னை அவர் ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. நீங்கள் பொறாமை என்று எழுதிக்கொண்டால் மறுக்க மாட்டேன். வயிறு எரிந்தது உண்மைதான். என் கணவர் ஏலக்காய் வியாபாரம் என்று கம்பம்மெட்டிலேயே கிடப்பவர். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது என் கடலைச் சட்னி ஒன்றுதான். அதற்காகவே அத்தை ஒரு தோசை கூடச் சாப்பிடுவார். கௌசிகாவுக்குக் கடலை ஆகாது, மூச்சடைத்துவிடும் என்று தெரிந்த அன்றே, கடலை டின்னைத் தூக்கி வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைக்குப் போனதும் நவீன் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். அத்தை கை கழுவப் போனார். பரிமாறுகிற ஜிபி, தொட்டுக்கொள்ள ஒரு கெட்டியான சாஸைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். கௌசிகா கவனமாகத்தான் கேட்டாள். "இதுல கடலை இருக்குதுங்களா?"

"கடல இல்ல, சேச்சி" என்றார் ஜிபி.

அவரை விட்டுவிடுங்கள், சார். அவர் பொய் சொல்லவில்லை. மலையாளத்தில் கடல என்றால் கொண்டைக்கடலை. நாங்கள் கடலை என்று சொல்கிற நிலக்கடலை அவர்களுக்குக் கப்பலண்டி. தாராபுரத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாது. கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில் பிறந்த எனக்குத் தெரியும். பூண்டும் மிளகாயும் தூக்கலாக இருந்ததால் அவளுக்கு வாசனை பிடிபடவில்லை. நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வறுத்து அரைத்த கடலை எனக்கா தெரியாது?

"அதான் இல்லீங்கறாங்கல்ல, சாப்பிடு" என்றேன்.

அத்தை வந்து உட்கார்ந்தார். எச்சில் என்று சொன்னவர், வெந்த காளானைத் தன் கையாலேயே எடுத்து அவளுடைய சாஸ் கிண்ணத்தில் போட்டார். "தின்னு கண்ணு" என்றார். நான் தடுக்கவில்லை. பெரியவர் ஆசையாகக் கொடுக்கும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

நவீன் வந்து சேர்ந்தபோது அவளுக்கு உதடு தடித்துவிட்டது. புருஷனைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள். "அக்கா, பை..." என்றாள். டாக்டர் கொடுத்த அவசர ஊசி எப்போதும் அவள் கைப்பையில்தான் இருக்கும்.

"வண்டீல உட்டுட்டாளாட்ட இருக்குது" என்று நவீனிடம் சொன்னேன். அவன் ஓடினான். பை மேசைக்கடியில், என் கால்களுக்குப் பின்னால் இருந்தது. நான்தான் காலால் தள்ளி வைத்திருந்தேன்.

அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை. அதுவரை அவள் கையை நான் விடவே இல்லை, சார். அந்த நேரத்தில் அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.