எந்திரத்துக்குப் பூச்சியம் கற்றுக்கொடுத்த பெருந்தகைக்கு

அவையோரே, அமைதி! ஒலிபெருக்கியே, நீயும் இரையாதே! உலகம் ஒரு நொடி சுற்றாமல் நின்று கேட்க வேண்டிய செய்தி இது: எங்கள் நீர் ஆய்வகத்தின் தலைவர் இன்று பணி ஓய்வு பெறுகிறார்.

துளியில் தூசு துழாவிய தூயவரே! குழாய்நீரின் குற்றம் காணக் கண் துஞ்சாத கோமானே! கலப்படக்காரர் கனவைக் கலைத்த காவலரே!

இந்த வாழ்த்துமடலில் இதுவரை உள்ளதைப் போன மாதமே எழுதிக் கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. இனி வருவது, நேற்றுச் சட்டத்தைக் கழற்றிச் சேர்த்தது.

தண்ணீரைக் காய்ச்சி, ஆவியாக்கி, குளிர்வித்து, சொட்டுச் சொட்டாகத் தரும் வடிகலத்தைத் தாங்களே கட்டினீர்கள். குழாயைத் தாங்களே பற்றவைத்தீர்கள். அதன் நீருக்கு ‘அமுதம்’ என்று பெயரும் வைத்தீர்கள். தினமும் காலையில் அமுதத்தை, ஈயம் அளக்கும் எந்திரத்துக்குக் காட்டி, “ஈயம் அறவே இல்லாத நீர் இதுதான், இதைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்” என்று கற்பிப்போம். பிறகு ஊரார் நீரை அளப்போம். அதுவும் பூச்சியமாகவே வரும். சில நாள் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். இல்லாததைவிடவும் இல்லை என்று பூரித்துப்போவோம்.

பக்கத்துத் தெருப் பள்ளியின் தலைமையாசிரியை பாட்டிலும் கையுமாக இரண்டாம் முறை வந்தார்.

“சார், பிள்ளைங்க வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்கறாங்க. இன்னொரு தடவ பாருங்களேன்.”

“டீச்சர், தண்ணியில ஒண்ணுமில்ல. கணக்குப் பரீட்சைய நிறுத்திப் பாருங்க, வலி பறந்துடும்” என்று தாங்கள் திருவாய் மலர்ந்தீர்கள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் வடிகலம் பழுதானது. கடையில் வாங்கிய வடிநீரை எந்திரத்துக்குக் காட்டினோம். அன்றைக்கே பள்ளிக் குழாயில் ஈயம், சந்தைக் குழாயில் ஈயம்! எந்திரம் கெட்டுவிட்டது என்று ஆள் அழைத்து, கெடாத எந்திரத்தை இரண்டு முறை பழுது பார்த்தோம். கடைசியில் தாங்கள்தான் மிச்சமிருந்த அமுதத்தையே அளந்தீர்கள். ஊரிலேயே அதிக ஈயம் அதில்தான். குழாய் மூட்டில் தாங்கள் வைத்த ஈயப்பற்று ஆண்டுக்கணக்காகக் கரைந்து வந்திருக்கிறது.

“நாலு நாள்ல ரிட்டயர் ஆகப் போறீங்க. வாயத் தொறக்காதீங்க சார், வர்றவர் பாத்துக்கட்டும்” என்று காதோடு காதாகச் சொன்ன புண்ணியவான்கள் வேறு யாருமல்லர், நாங்களேதான்.

“கையெழுத்து என்னுது. வர்றவன் தலையில ஏன்யா கட்டணும்?” என்றீர்கள். கொடுத்த சான்றிதழ்கள் எதுவும் செல்லாது என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, பள்ளிக்கு நடந்தே போனீர்கள். தலைமையாசிரியை திட்டியிருந்தால் தேவலை. குழாயை அடைக்கச் சொல்லிவிட்டு, “இப்பவாவது வந்தீங்களே, உக்காருங்க சார்” என்றாராம். தாங்கள் உட்காரவில்லை.

“இதையும் எழுதுங்கப்பா, இல்லன்னா அந்தச் சட்டம் எனக்கு வேணாம்” என்றதும் தாங்களே. எழுதிவிட்டோம். எங்கள் அறிவுரையையும் மறைக்காமல் எழுதிவிட்டோம்.

தலைகுனிந்தும் தடம்புரளாத தலைவரே! உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் நெடுங்காலம் வாழ்வீர்களாக!

இங்ஙனம்,
நிமிர்ந்து பார்க்க நாணும் ஆய்வகப் பணியாளர்கள்

பிள்ளைகளின் இரத்தமும், இத்தனை ஆண்டும் அமுதத்தில் தேநீர் போட்டுக் குடித்த நம் எல்லோருடைய இரத்தமும் சோதனைக்குப் போயிருக்கின்றன. முடிவு செவ்வாய்க்கிழமை வரும்.