முகத்தை மூடும் ஐகான்கள்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். புர்கா அணிந்திருந்தவள், கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் தன் தோழியிடம் சொன்னாள்:

“தெனமும் எங்க வூட்டுக்காரர் மூஞ்சி மேல குப்பைத் தொட்டி வந்து உக்காந்துக்குதுடி.”

“அண்ணனுக்கு வந்த மரியாதையப் பாரு! இன்னாக்கா சொல்ற?”

“கம்ப்யூட்டர்லதான். ஸ்கிரீன்ல எங்க கல்யாண போட்டோ வச்சிக்கீறேன். அவரு லெப்ட்ல கீறாரு. ஐகானெல்லாம் இஸ்துகினு போயி ரைட்ல வுடறேன். கொழுந்தன் கேம் ஆடிட்டு எழுந்தா, அத்தினியும் பழையபடி அவரு மேலயே வந்து நிக்குது.”

“ஐகான தானா அடுக்கற ஆட்டோ அரேஞ்ச் டிக்கை எடுத்தியா?”

“அத எப்பவோ எடுத்துட்டேன்.”

“அண்ணன் துபாய்லர்ந்து எப்ப வராரு?”

“இன்னும் ரெண்டு வருசம் கீது.”

தோழி ஒரு வழி சொன்னாள்:

“போட்டோவ இடம் வலமாத் திருப்பி வச்சிடுக்கா. அவரு ரைட்டுக்குப் போயிடுவாரு. ஆனா ஐகானுங்க ஒன் மூஞ்சிய மூடிடும். பரவால்லியா?”

“மூடட்டும்டி. என்னைப் பாக்கறதுக்கு அந்த வூட்ல யாரு கீறா?”